"கலர் ஏதோ ஒரு மாதிரி இருக்கு" என்று போன் வந்தால் எதைச் சரி செய்வது?

டிசைன் அனுப்பிப் பத்து நிமிடத்தில் போன் வரும். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கலர் மட்டும் ஏதோ ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் மாத்திக் குடுங்க." அந்த 'ஏதோ ஒரு மாதிரி' என்ன மாதிரி என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, அது அவர் தப்பும் இல்லை. நாம் என்ன செய்கிறோம்? சிவப்பை எடுத்துவிட்டு நீலம் வைக்கிறோம், நீலம் பிடிக்கவில்லை என்றால் பச்சை, பச்சையும் சரிவரவில்லை என்றால் இரண்டையும் கலந்து ஒரு கிரேடியன்ட், இப்படியே ராத்திரி பதினொரு மணி ஆகிவிடும். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, கோயில் நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் என்று 14 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கலர் சரியில்லை என்று எனக்கு வந்த புகார்களில், நிறத்தை மாற்றியதால் தீர்ந்தவை ரொம்பக் குறைவு. சிவப்பு சிவப்பாகவே இருந்துவிட்டுப் போகலாம், அதன் வெளிச்ச அளவோ செறிவோதான் எங்கேயாவது இடறியிருக்கும்.

அதனால் வாடிக்கையாளர் வாயில் வரும் வார்த்தையை வைத்தே இதை எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த புகார் எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அதற்கு முன் அடுத்து வரும் விளக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள், பின்னால் வருவதெல்லாம் அதில்தான் நிற்கிறது.

ஒரு கலருக்கு மூன்று குணம். அது சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்பது நிறம். அது எவ்வளவு சுத்தமாக, சாம்பல் கலக்காமல் இருக்கிறது என்பது செறிவு. வெள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, கருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பது வெளிச்ச அளவு, ஓவியர்கள் வேல்யூ என்பார்கள். இந்த மூன்றையும் தனித்தனியாக அளந்து எண் கொடுக்கலாம் என்று 1905இல் முறையாக எழுதி வைத்தவர் ஆல்பர்ட் மன்செல், அமெரிக்க ஓவியர், பாஸ்டனில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். மண்ணின் நிறத்தைக் குறிக்க மண் ஆய்வாளர்கள் இன்றைக்கும் கையில் வைத்திருப்பது மன்செல் அட்டைதான். ஃபோட்டோஷாப்பில் கலர் தேர்ந்தெடுக்கும் கலர் பிக்கரில் எச், எஸ், பி என்று மூன்று பெட்டி இருக்கிறதே, அதுவும் இதே கணக்கின் வேறொரு வடிவம்தான். எச் என்பது வட்டத்தில் சுற்றி வரும் நிறம்: சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. எஸ் செறிவு, பி வெளிச்சம், இரண்டும் 0 முதல் 100 வரை.

இதை வாடிக்கையாளரிடம் எப்படிக் கேட்பது? எச், எஸ், பி என்றெல்லாம் கேட்காதீர்கள், புடவைக் கடைப் பெயரில் கேளுங்கள். நம் ஆட்களுக்கு, முக்கியமாக வீட்டுப் பெண்களுக்கு, மூன்று குணமும் சேர்த்தே பெயரில் இருக்கிறது. கிளிப்பச்சை என்றால் மஞ்சள் பக்கம் சாய்ந்த, செறிவு கூடிய பச்சை. பாசிப்பச்சை என்றால் செறிவு குறைந்தது. கரும்பச்சை என்றால் வெளிச்சம் குறைந்தது. "பச்சைல எந்தப் பச்சைங்க, கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் அரை நாள் வேலை மிச்சம். அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, மயில் கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் பெயர் பெற்ற எம்.எஸ். ப்ளூ, இதில் எதைச் சொன்னாலும் அவர் மனதில் இருப்பது நமக்குக் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும்.

சரி, இனி புகார்கள்.

"எழுத்து துள்ளுது, படிக்கவே முடியல"

இதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் வரும் புகாரில் பாதி இதுதான், பெயர் மட்டும் வேறு வேறாக வரும்.

ஒரு கும்பாபிஷேக நோட்டீஸ். அம்மன் கோயில், அதனால் பின்னணி பச்சை. மங்களகரமாக இருக்க எழுத்து சிவப்பு. இரண்டும் நேரெதிர் நிறம், நன்றாக எடுத்துக் காட்டும் என்று நினைத்து நானும் சந்தோஷமாகச் செய்தேன். 2,000 நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்த பிறகு, வயதானவர்கள் ஒவ்வொருவராகக் கோயிலுக்கே வந்து "யாகசாலை பூஜை எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நேரம் நோட்டீஸில் இருந்தது. அவர்களால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எண்ணாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். எழுத்தின் சிவப்பு எச் 0, எஸ் 100, பி 100. பின்னணிப் பச்சை எச் 120, எஸ் 100, பி 50. நிறம் தூரத்தில் இருக்கிறது, வெளிச்சமும் 100க்கு 50 என்று பாதிக்குப் பாதி இருக்கிறது, பிறகு என்ன குறை என்று தோன்றும். குறை அந்த பி பெட்டியில். அது கம்ப்யூட்டரின் கணக்கு, கண்ணின் கணக்கு இல்லை. நம் கண் பச்சையை மிக வெளிச்சமாகப் பார்க்கும், சிவப்பை அதைவிடக் குறைவாக, நீலத்தை ரொம்பவே குறைவாக. திரையில் சுத்தமான வெள்ளை ஒரு ரூபாய் வெளிச்சம் என்றால் அதில் பச்சையின் பங்கு 71 காசுக்கு மேல், சிவப்பின் பங்கு 21 காசு, நீலத்தின் பங்கு 7 காசுதான். இந்தக் கணக்குப்படி அந்தச் சிவப்புக்கும் அந்தப் பச்சைக்கும் வெளிச்ச வேறுபாடு 1.28க்கு 1. இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி அணுகல் விதிப்படி சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1. நான் கொடுத்தது அதில் பாதிகூட இல்லை. நிறம் எவ்வளவு எதிரெதிராக இருந்தாலும், எழுத்தின் விளிம்பைக் கண் பிடிப்பது வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான்.

சோதிப்பது எளிது: கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஆனால் ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யு அழுத்தி வரும் டீசேச்சுரேட்டை நம்பாதீர்கள். அது சுத்தமான சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே சாம்பலாக்கிக் காட்டும், பளிச்சென்ற மஞ்சளும் அதே சாம்பல்தான், நிஜத்தில் அப்படி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டுக் கருப்பை நிரப்பி, அதன் பிளெண்ட் மோடை 'கலர்' என்று வையுங்கள். இப்போது தெரிவது கிட்டத்தட்டக் கண் பார்க்கும் வெளிச்சம். அந்த லேயரை அணைத்துப் போட்டு வேலை செய்யலாம் என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும், எந்த ஃபைலைத் திறந்தாலும் மேலே அந்த லேயர் இருக்கும். கம்ப்யூட்டர் பக்கத்தில் இல்லை என்றால் போனின் அணுகல்தன்மை செட்டிங்கில் கிரேஸ்கேல் போட்டுக்கொண்டு டிசைனைப் பாருங்கள்.

இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் அதே கலர் பிக்கரில் லேப் என்று ஒரு வரிசை இருக்கும், அதில் எல் பெட்டியை மட்டும் பாருங்கள், அது கண் பார்க்கும் வெளிச்சத்தின் எண். பி 100 என்று வைத்த சுத்தமான மஞ்சளுக்கு எல் ஏறத்தாழ 97, பச்சைக்கு 88, சிவப்புக்கு 54, நீலத்துக்கு 30 சொச்சம். எழுத்துக்கும் பின்னணிக்கும் எல் இடைவெளி 50 இருந்தால் 4.5 தானாகக் கிடைத்துவிடும், 40 இருந்தால் 3 கிடைக்கும். என் நோட்டீஸில் அந்த இடைவெளி பத்துகூட இல்லை.

திருத்தம்: நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் நகர்த்துங்கள். மஞ்சள் பத்திரிகையில் சிவப்பு எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற சிவப்பு, பி 100, மஞ்சளின் மேல் 3.7க்கு 1தான் வரும். அதே சிவப்பை எச் 0, எஸ் 100 என்று அப்படியே விட்டு பி மட்டும் 50 ஆக்கினால் அரக்கு, வேறுபாடு 10க்கு மேல் போய்விடும். நம் கல்யாணப் பத்திரிகைகளில் மஞ்சளுக்கு அரக்கு எழுத்து இத்தனை காலமாக நிற்பதற்கு இது ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன், பாட்டி கண்ணாடி இல்லாமலே முகூர்த்த நேரத்தைப் படித்துவிடுவார். பச்சைப் பின்னணி வேண்டும் என்று அடம்பிடித்தால் எழுத்தை மஞ்சளாக்கலாம், பி 50 பச்சையில் 4.8 வரும், பச்சையை இன்னும் இறக்கி பி 31 ஆக்கினால் 9. சிவப்பு கட்டாயம் வேண்டும் என்றால் அதைச் சுற்றி வெள்ளைக் கோடு. சுவரில் போர்டு எழுதிய ஆர்ட்டிஸ்டுகள் எழுத்துக்கு அவுட்லைன் போட்டது அழகுக்காக மட்டும் இல்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிவப்பு எழுத்து மட்டும் ஓரம் கலங்கித் தெரிகிறது என்பதும் இதே நோய்தான். ஜேபெக் படம் பொதுவாக வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடு வைத்துக்கொண்டு, நிறத் தகவலைக் குறுக்கிலும் நெடுக்கிலும் பாதியாகக் குறைத்துச் சேமிக்கும், கண்ணுக்கு அது தெரியாது என்ற தைரியத்தில். வெளிச்ச வித்தியாசம் உள்ள எழுத்து அதில் தப்பித்துவிடும், நிறத்தை மட்டும் நம்பியிருக்கும் எழுத்து கலங்கிவிடும். டாகுமென்டாக அனுப்பினால் படம் சுருங்காது, ஆனால் உண்மையான மருந்து மேலே சொன்னதுதான்.

"டல் அடிக்குது, எடுப்பா இல்ல"

இந்த வார்த்தையைக் கேட்டதும் கை நேராகச் செறிவை ஏற்றும் சேச்சுரேஷனுக்குப் போகும். நிறுத்துங்கள். டல் என்பதில் இரண்டு வகை உண்டு, முதலில் எது என்று பாருங்கள்.

கருப்பு வெள்ளை லேயரைப் போடுங்கள். எல்லாம் நடுத்தர சாம்பலாக ஒரே மந்தையாகத் தெரிந்தால் பிரச்சினை வெளிச்சத்தில், செறிவை எவ்வளவு ஏற்றினாலும் தீராது. மார்கழியில் வாசலைப் பாருங்கள். சாணம் தெளித்த மண் தரையில் அரிசி மாவுக் கோலம் அப்படி எழுந்து நிற்கும். அதே மாவு, அதே கை, காய்ந்த சிமென்ட் தரையில் போட்டால் மங்கித் தெரியும். சிமென்ட் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கோலம் போடும்போது ஈரத் தரை கருத்துக் கோலம் பளிச்சென்று இருக்கும், வெயில் ஏறித் தரை காய்ந்து வெளிற வெளிறக் கோலமும் மங்கும். மாவில் மாற்றம் எதுவும் இல்லை, தரைதான் மாறியது. டிசைனிலும் அப்படித்தான், எடுப்பாகத் தெரிய வேண்டியதை விட்டுவிட்டு அதன் தரையை இறக்குங்கள். டிசைனில் எங்காவது ஒரு இடம் வெள்ளைக்குப் பக்கமாகவும் ஒரு இடம் நல்ல அடராகவும் இருக்கட்டும், கோயில் மதில் சுவரில் வெள்ளையும் காவியும் மாறி மாறி இருக்கிற மாதிரி.

கருப்பு வெள்ளையில் நன்றாக இருக்கிறது, கலரில்தான் டல் என்றால் அது செறிவு. அப்போதும் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றாதீர்கள். ஜவுளிக்கடை விளம்பரத்தில் புடவைதான் தெரிய வேண்டும் என்றால் பின்னணியின் எஸ் பெட்டியை 20, 25க்கு இறக்குங்கள், புடவையைத் தொடவே வேண்டாம், அது தானாகத் தூக்கலாகும். அதே மாம்பழ மஞ்சள், சாம்பல் ஓடிய நீலத்தின் மேல் வைத்தால் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும்.

"கண்ணைக் குத்துது"

இது மேலே சொன்னதற்கு எதிர்ப்பக்கம், எஸ் எல்லா இடத்திலும் 100. ஒரு டிசைனில் எஸ் 90க்கு மேல் இருக்கும் கலர் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதுவும் சின்ன இடத்தில். பெரிய பரப்புக்கு எஸ் குறையட்டும். இது என் பழக்கம், சட்டம் இல்லை, ஆனால் எனக்கு இதுவரை கைகொடுத்திருக்கிறது.

தனியாகச் சொல்ல வேண்டியது நீலத்தில் சிவப்பு. சுத்தமான நீலத்தின் மேல் சுத்தமான சிவப்பு எழுத்து 2.15க்கு 1தான், அது போதாது என்று இன்னொரு தொல்லையும் உண்டு. கண்ணின் லென்ஸ் நீல ஒளியை சிவப்பைவிட அதிகமாக வளைக்கும், அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பதியாது. பலருக்குச் சிவப்பு முன்னால் மிதப்பது போலவும் நீலம் பின்னால் போவது போலவும் தெரியும், கொஞ்ச நேரம் பார்த்தால் தலை வலிக்கும். நீலத்தை நன்றாக இருட்டாக்கி எழுத்தை வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாற்றிவிடுங்கள், இங்கே நிறத்தையே மாற்றச் சொல்கிறேன்.

"கம்ப்யூட்டர்ல நீலமா இருந்துச்சு, பிரிண்ட்ல கத்தரிப்பூ வந்துருக்கு"

பிரஸ்காரர் மேல் கோபப்படுவதற்கு முன் உங்கள் ஃபைலைத் திறந்து மைக் கணக்கைப் பாருங்கள். திரை ஒளியைக் கூட்டிக் கலர் செய்கிறது, காகிதத்தில் மை ஒளியைக் கழித்துக் கலர் செய்கிறது, திரையில் வரும் எல்லாமும் நான்கு மையில் வராது. சுத்தமான திரை நீலத்தை வழக்கமான செட்டிங்கில் சிஎம்ஒய்கே ஆக்கினால், அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைக் கணக்குக்கு மாற்றினால், சயான் 88, மெஜந்தா 77 என்கிற அளவில் வந்து நிற்கும். மெஜந்தா அவ்வளவு நெருங்கி வந்தால் காகிதத்தில் அது கத்தரிப்பூதான். நீலம் நீலமாக வேண்டும் என்றால் சயானுக்கும் மெஜந்தாவுக்கும் 30 இடைவெளியாவது வையுங்கள்: சயான் 100, மெஜந்தா 65, மஞ்சள் 0. திரையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் அடங்கித்தான் வரும், ஆனால் நீலமாக வரும்.

திரையில் கண்ணைப் பறிக்கிற பளீர்ப் பச்சையும் அப்படித்தான், சாதாரண ஆஃப்செட்டில் வரவே வராது, அதை வாடிக்கையாளரிடம் காட்டி ஆசை காட்டாமல் இருப்பது நல்லது. முதல் நாளே ஃபோட்டோஷாப்பில் வியூ மெனுவில், அச்சில் எப்படி வரும் என்று காட்டும் புரூஃப் கலர்ஸ் போட்டுக்கொண்டு வேலை செய்தால் இந்தப் பேச்சே எழாது.

கருப்பு சாம்பல் பூத்த மாதிரி வருகிறது என்றும் சொல்வார்கள். பெரிய பரப்பில் கருப்பு மை 100 மட்டும் போட்டால் அப்படித்தான் இருக்கும். அடியில் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, மேலே கருப்பு 100 என்று கொடுங்கள், கருகரு என்று வரும். ஆனால் எழுத்துக்கு இதைச் செய்யவே கூடாது. மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சு பிளேட்டும் முடியளவு விலகினால்கூடச் சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழல் மாதிரி தெரியும், தமிழ் எழுத்தில் புள்ளியும் சுழியும் முதலில் அடைபட்டுப் போகும். எழுத்துக்குக் கருப்பு 100 மட்டும்.

அப்புறம், அச்சுக்கு முன் நாம் அனுப்பும் மாதிரியை, அதாவது புரூஃபை, வாடிக்கையாளர் பார்த்தது எதில் என்று கேளுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போனில் நைட் லைட் போட்டு வைத்திருப்பார், அதில் வெள்ளையே மஞ்சளாகத் தெரியும். சில போன்கள் விவிட் மோடில் செறிவைத் தாங்களே ஏற்றிக் காட்டும். அந்தப் போனில் ஓகே சொன்ன கலரைக் காகிதத்தில் யாராலும் கொண்டுவர முடியாது.

"ரெண்டு இடத்துலயும் ஒரே கலர்தான்னு சொல்றீங்க, எனக்கு வேற வேறயா தெரியுதே"

அவர் சொல்வது சரி. ஃபைலில் எண் ஒன்றுதான், கண்ணுக்கு வேறுதான்.

பாரிஸில் கோபெலின் என்ற பழம்பெரும் திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. 1824இல் அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவர் மிஷெல் யூஜென் ஷெவ்ரல், வேதியியல் அறிஞர். கருப்பு நூல் சரியாக ஏறவில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் வலுவில்லாமல் தெரிகிறது என்று புகார். நம் தொழிலில் தினமும் வரும் அதே புகார். அவர் முதலில் சாயத்தைத்தான் சந்தேகப்பட்டார், வேறு இடங்களில் சாயமேற்றிய கருப்பு நூல்களை வாங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் அந்தக் கருப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. அதை வருடக்கணக்கில் ஆராய்ந்து 1839இல் நூலாக வெளியிட்டார். பக்கத்து நிறம் தன் எதிர் நிறத்தின் சாயலை இந்த நிறத்தின் மேல் ஏற்றுகிறது என்பதுதான் சாரம். சிவப்புக்கு நடுவில் வைத்த சாம்பல் கொஞ்சம் பச்சை ஓடித் தெரியும், இருட்டுக்கு நடுவில் வைத்த சாம்பல் வெளிறித் தெரியும்.

இதை ஒரே நிமிடத்தில் செய்து பார்க்கலாம். ஒரு கட்டத்தை அடர் நீலத்தாலும் இன்னொன்றை வெளிர் மஞ்சளாலும் நிரப்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே சாம்பலில், எச் 0, எஸ் 0, பி 55, ஒரு சின்னச் சதுரம் வையுங்கள். நீலத்தில் இருப்பது வெளிறித் தெரியும், மஞ்சளில் இருப்பது கருத்துத் தெரியும். நான் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் காட்டுவது இதைத்தான், அவர்கள் கலர் எண்ணைக் காட்டும் ஐட்ராப்பர் எடுத்து இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

திருத்தம் என்னவென்றால், எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடாதீர்கள். லோகோ கலர் போர்டில் அடர் பின்னணியிலும் விசிட்டிங் கார்டில் வெள்ளையிலும் வருகிறது என்றால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் வரை ஒரு இடத்தில் பி பெட்டியை நாலைந்து புள்ளி ஏற்றியோ இறக்கியோ வையுங்கள். பெரிய கம்பெனி லோகோவாக இருந்து கலர் எண்ணைத் தொடக்கூடாது என்று எழுத்தில் கொடுத்திருந்தால், லோகோவைச் சுற்றி வெள்ளை இடம் விட்டுப் பக்கத்து நிறத்தைத் தள்ளி வையுங்கள்.

"லைட் கலர் கேட்டேன், சாக்பீஸ் மாதிரி இருக்கு" / "டார்க் கேட்டேன், சேறு மாதிரி இருக்கு"

வெளிராக்க வெள்ளையும் அடராக்கக் கருப்பும் மட்டும் சேர்த்தால் இதுதான் வரும். மஞ்சளை எச் 60இல் வைத்து பி 50க்கு இறக்கிப் பாருங்கள், அடர் மஞ்சள் வராது, பாசி பிடித்த பச்சைதான் வரும். எச்சை 40க்கு நகர்த்தி பி 70 வையுங்கள், தேன் நிறம், அதைத்தான் அவர் கேட்டார். நீலம் இதற்கு நேர்மாறு: எச் 240ஐ எஸ் 50 ஆக்கினால் வான்நீலம் வராமல் கத்தரிப்பூ ஓடும், எச் 210க்கு வந்தால்தான் வானம். சிவப்பை வெளிராக்கினால் குழந்தை ரோஸ் ஆகிவிடுகிறது என்றால் எச் 15 பக்கம் தள்ளுங்கள்.

காப்பிக்கொட்டை நிறத்தைக் கலர் சக்கரத்தில் தேடித் தேடிக் களைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தனி நிறமே இல்லை, ஆரஞ்சின் வெளிச்சம் குறைந்த வடிவம். எச் 30, எஸ் 100, பி 40.

"எங்க மாமாவுக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணாத் தெரியுதாம்"

சிரித்துவிட்டுப் போகாதீர்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத நிலைக்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம்தான் அதிகம், ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் புரூஃப் செட்டப் உள்ளே கலர் பிளைண்ட்னெஸ் என்று இரண்டு வகை இருக்கும், போட்டுப் பாருங்கள். நிரம்பிய இருக்கை சிவப்பு, காலி இருக்கை பச்சை என்று வரைபடம் செய்தால் சிவப்பை அடராகவும் பச்சையை வெளிராகவும் வைத்து, நிரம்பியதன் மேல் ஒரு குறுக்குக் கோடும் போட்டுவிடுங்கள்.

"கடைக்குள்ள ஒரு கலர், வெளியில ஒரு கலர்"

மேட்சிங் சென்டரில் ரவிக்கைத் துணி எடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ட்யூப்லைட்டில் புடவையோடு அப்படியே பொருந்தும், வெயிலுக்கு வந்தால் இரண்டும் வேறு. புடவைக்கு ஒரு சாயம், ரவிக்கைக்கு வேறு சாயம், ஒரு விளக்கில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அவை திருப்பி அனுப்பும் ஒளியின் கலவை ஒன்று இல்லை, விளக்கு மாறினால் வேஷம் கலைந்துவிடும். துணியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கும் பாட்டிகள் செய்வது சரியான சோதனை. அச்சுத் தொழிலில் கலர் பார்க்க 5,000 கெல்வின் வெளிச்சத்தைத்தான் அளவாக வைத்திருக்கிறார்கள், ஏறத்தாழ நடுப்பகல் வெயில்.

ஆனால் நம் போர்டு நடுப்பகலில் மட்டும் தொங்கப் போவதில்லை. மண்டப வாசலில் மஞ்சள் பல்பு வரிசை போடுகிறார்கள் என்றால் வெள்ளைத் தரையும் சந்தன நிறமும் இளமஞ்சளும் அதில் ஒன்றாகிவிடும், நீலம் கருத்துப் போகும். அதனால் பெரிய வேலை என்றால் ஏ4 அளவில் ஒரு துண்டு மட்டும் பிரிண்ட் எடுத்து, சாயந்திரம் ஏழு மணிக்கு அந்தச் சுவரிலேயே செலோடேப்பில் ஒட்டி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஃபைலை பிரஸ்ஸுக்கு அனுப்புகிறேன்.